மணி அடிக்காத மாலையில் வெர்னா ஹோல்ம் அவர்களுக்கு

வலியோடு வந்தவரை வாழ்த்தோடு வழியனுப்பிய வள்ளலே! வண்டி வந்து நிற்கும் வேகத்திலேயே, உள்ளே இருப்பது தலைப்பிரசவமா மூன்றாம் பிரசவமா என்று வகுத்துச் சொன்ன வல்லமையே! பிள்ளை பிறப்பதைப் பார்த்து மயங்கி விழும் தகப்பன்மாருக்கென்றே அறை மூலையில் மெத்தை வைத்த நாற்காலி போட்டுவைத்த முன்யோசனையே! ருபார்ப் என்னும் புளிப்புத் தண்டைப் போட்டு, சர்க்கரை சேர்க்காத கேக்கை ஆண்டுதோறும் சுட்டுவந்து, அதைத் தின்றவர் முகம் போகும் போக்கைப் பார்த்துச் சிரித்து மகிழ்ந்த கொடுமையே! ஹாலட் பள்ளத்தாக்குச் சமூக மருத்துவமனையின் பிரசவப் பிரிவை முப்பத்தொரு ஆண்டு தலைமைச் செவிலியாய்த் தாங்கி நின்ற தூணே! வெர்னா ஹோல்ம் அவர்களே! உங்கள் பணி ஓய்வு நாளில் உடன் உழைத்தவர்கள் உள்ளம் கனத்து வாசித்தளிக்கும் இந்த மடலை, தயவுசெய்து உட்கார்ந்துகொண்டு கேட்டருளுங்கள். பணிநேரத்தில் நீங்கள் உட்கார்ந்து நாங்கள் பார்த்தது ஒரே ஒரு முறைதான். அந்த ஒரு முறையைப் பற்றிப் பிறகு சொல்கிறோம்.

மடலை யார் எழுதுவது என்று ஊழியர் அறையில் ஒரு வாரம் வழக்கு நடந்தது. உங்களைப் போற்றுகிறவர்கள் எல்லாரும் நான் நீ என்று முன்வந்தார்கள். அவர்கள் எழுதினால் பாகு காய்ச்சிவிடுவார்கள், இனிப்பு உங்களுக்கு ஆகாது என்று தீர்ப்பாகி, சென்ற ஆண்டு உங்களோடு அதிகமாகச் சண்டை போட்ட ஆளிடம் பேனாவைக் கொடுத்துவிட்டார்கள். அந்த ஆள் லிகயா மனலாஸ்டாஸ் என்னும் நான் என்பது இந்த மண்டபத்தில் எல்லாருக்கும் தெரியும். பதினாறு ஆண்டு உங்கள் பக்கத்தில் நின்று பிள்ளை ஏந்தியவள். இடையில் அரை ஆண்டு உங்கள் முகத்தைப் பார்க்காமல் வேலை செய்தவள். ஆகவே புகழ்ச்சியும் புகாரும் கலந்தே வரும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஊர் கூடி இழுத்த தேரின் அச்சாணியே! இந்த மருத்துவமனைக்கு முதலாளி என்று ஒருவர் கிடையாது. பிள்ளைப்பேற்றுக்குக் கணவாய் தாண்டி நகரத்துக்குப் போய்க்கொண்டிருந்த பள்ளத்தாக்கு மக்கள், தங்களுக்குத் தாங்களே வாக்களித்து வீட்டு வரியோடு இதற்கென்று ஒரு வரியைப் போட்டுக்கொண்டு, தேவாலயக் கூடங்களில் பான்கேக் விற்று எழுப்பிய கட்டடம் இது. லாபம் வந்தால் யாருக்கும் போகாது. நஷ்டம் வந்தால் எல்லாருக்கும் வலிக்கும். ஊர் தேர்ந்தெடுத்த ஐவர் ஒரு நீள மேசைக்குப் பின்னால் உட்கார்ந்து ஆளவேண்டும், ஊரார் யார் வேண்டுமானாலும் எழுந்து நின்று மூன்று நிமிடம் அவர்களைத் திட்டலாம் என்பது இங்குள்ள முறை. மூன்று நிமிடம் முடிந்து சிவப்பு விளக்கு எரிந்த பிறகும் திட்டுபவர்கள் உண்டு. நகரத்துக்கு வேலைக்குப் போகிறவர்களின் வீடுகள் மலையடி வரை ஏறிவந்த காலத்தில், இந்தத் தேரின் முன்சக்கரம் பிரசவப் பிரிவாகத்தான் இருந்தது. அந்தச் சக்கரம் கழன்றுவிடாமல் பார்த்துக்கொண்டவர் நீங்கள்.

கடிகாரத்தைச் சுவர் பக்கம் திருப்பிய கனிவே! பிரசவ அறைக்குள் நுழைந்ததும் நீங்கள் செய்யும் முதல் காரியம், சுவர்க் கடிகாரத்தைத் திருப்பி மாட்டுவது. நேரம் பார்ப்பது நம் வேலை, அவளுக்கு எதற்கு அந்தக் கவலை என்பீர்கள். கையும் காலும் ஓடாமல் நிற்கும் கணவனிடம் மனைவி நாவை நனைக்க ஐஸ்கட்டிக் கோப்பை ஒன்றைக் கொடுத்து, இனி இது உன் பொறுப்பு என்று பதவி ஏற்க வைப்பீர்கள். வங்கி மேலாளர் முதல் தச்சர் வரை, இந்தப் பள்ளத்தாக்கில் ஐஸ் அமைச்சராக இருந்திராத தகப்பன் அபூர்வம். கோல்ஃப் காலணியோடு தாமதமாக ஓடிவந்த மருத்துவர் ஒருவரிடம், பிள்ளை உங்களுக்காகக் காத்திருந்து பார்த்தது, பொறுமை இழந்து வந்துவிட்டது என்று குரலை உயர்த்தாமல் சொன்னீர்கள். அந்த மருத்துவர் அதன் பிறகு கோல்ஃப் ஆடியதாகத் தகவல் இல்லை.

உங்கள் வீடு மருத்துவமனை வேலிக்கு அந்தப் பக்கம், மூன்றாவது வீடு. தெருவைச் சுற்றி வர நேரமாகிறது என்று வேலியில் ஒரு பலகையைக் கழற்றி, அதையே உங்கள் ராஜபாட்டை ஆக்கிக்கொண்டீர்கள். பராமரிப்புப் பிரிவின் டுவெய்ன் கப் என்பவர் அதை ஆணி அடித்து மூடுவார், நீங்கள் கழற்றுவீர்கள், அவர் மீண்டும் மூடுவார். ஒரு பனிக்காலத்தில் அந்தச் சந்து வழியாக நீங்கள் செருப்பில்லாமல் ஓடிவந்து ஒரு பிள்ளையை மீட்டதைப் பார்த்த பிறகு, டுவெய்ன் சுத்தியலைத் தூக்கவில்லை.

மணிக்குக் காவல் நின்ற மாண்பே! வெளியூர் விருந்தினர் சிலர் வந்திருப்பதால் அந்த மணியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். பிரசவ அறைகளுக்கு வெளியே நடைபாதைச் சுவரில் ஒரு வெள்ளைப் பொத்தான் இருந்தது. டுவெய்ன் இரும்புக்கடையில் வாங்கிவந்து பொருத்திய சாதாரண வாசல்மணிப் பொத்தான். பிள்ளை பிறந்ததும் தாயோ தகப்பனோ அதை அழுத்துவார்கள். மருத்துவமனை முழுதும் ஒலிபெருக்கிகளில் தாலாட்டுப் போல நாலு சுரம் மெல்ல ஒலிக்கும். அது ஒலித்தால் எல்லாரும் ஒரு நொடி நிற்பார்கள். உணவகத்தில் இருப்பவர்கள் கையிலுள்ள காபிக் கோப்பையைத் தூக்கி ‘வா ராசா’ என்பார்கள்; பிறந்தது ராசாவா ராசாத்தியா என்று ஒருவருக்கும் தெரியாது. கையில் ஊசியோடு புற்றுநோய் மருந்து ஏற்றிக்கொண்டு சாய்ந்திருப்பவர்கூட அந்த நொடி கண்ணைத் திறப்பார். கோடையில் சன்னல் திறந்திருந்தால் வாகனம் நிறுத்துமிடத்து ஒலிபெருக்கியின் ஓசை உங்கள் அடுக்களை வரை வருமென்று நீங்களே சொல்லியிருக்கிறீர்கள். விடுமுறை நாளில்கூட அடுப்படியில் நின்று கோப்பையைத் தூக்குவீர்களாம்.

அந்த மணிக்கு ஒரு விதி இருந்தது; யாரும் எழுதிவைக்காத விதி. பிள்ளை உயிரோடு பிறந்தால் மட்டும்தான் அடிக்கும். அதை மாற்றியவர் நீங்கள். நான் அப்போது இங்கே இல்லை, ஆனால் புதிதாகச் சேரும் ஒவ்வொருவருக்கும் முதல் வாரமே சொல்லப்படும் கதை இது. ரொசௌரா பரேடெஸ் அன்று இருபத்திரண்டு வயதுப் பெண், பள்ளிப் பேருந்து ஓட்டிக்கொண்டிருந்தார். நாள் நெருங்கிய நேரத்தில் வயிற்றிலேயே அடங்கிப்போன தன் மகளைப் பகலெல்லாம் வலித்துப் பெற்று, இனெஸ் என்று பெயரிட்டு மடியில் வைத்திருந்தார். யார் மீதும் பிழையில்லை. பிழையே இல்லாமலும் இப்படி நேர்ந்துவிடுகிறது. மாலையில் பக்கத்து அறைப் பிள்ளைக்கு மணி அடித்தது. அது ஓயும்வரை கேட்டிருந்துவிட்டு அவர் உங்களிடம் திரும்பினார்.

“என் பொண்ணுக்கு ஏன் அடிக்கல? அவளும் பொறந்தாளே.”

நீங்கள் உடனே சக்கர நாற்காலியைக் கொண்டுவந்து, மடியில் இனெஸோடு அவரை அந்தப் பொத்தான் வரை தள்ளிப் போனீர்கள். அவர் அழுத்தினார். கீழே உணவகத்தில் வழக்கம்போலக் கோப்பைகள் உயர்ந்தன, வழக்கம்போல ‘வா ராசா’ என்றார்கள். அந்தக் குழந்தைக்கு இந்த உலகம் கொடுத்த வரவேற்பு அது ஒன்றுதான். மறுநாள் நிர்வாகத்திலிருந்து ஒருவர் வந்து, மகிழ்ச்சிக்கென்று வைத்த மணியைத் துக்கத்துக்கும் அடித்தால் ஜனங்கள் குழம்பமாட்டார்களா என்று விசாரித்தார். படுக்கை விரிப்பை மடித்தபடியே நீங்கள் சொன்ன பதில் இன்றுவரை இங்கே சட்டமாக இருக்கிறது.

“மணி பொறந்ததுக்குங்க. பொழைச்சதுக்குன்னு யாரு சொன்னது?”

அன்றிலிருந்து இந்தக் கூரையின் கீழ் பிறந்த ஒவ்வொரு பிள்ளைக்கும் அது அடித்தது. எது எந்த மணி என்று கேட்டவருக்குத் தெரியாது. எல்லாவற்றுக்கும் கோப்பை உயர்ந்தது.

பிறகு காலம் கழுத்தைப் பிடித்தது. வீட்டு விலை ஏறியது. இளம் தம்பதிகள் இன்னும் தூரத்து ஊர்களுக்குப் போய்விட்டார்கள். இருந்தவர்கள் கிழண்டு போனோம். முழங்கால் மாற்றும் பிரிவில் இடமில்லாமல் வழிய, பிரசவப் பிரிவில் தொட்டில்கள் காற்று வாங்கின. நாளுக்கு இரண்டு மூன்று என்றிருந்த மணி, வாரத்துக்கு ஒன்றானது. நிரந்தர மருத்துவர்கள் ஒவ்வொருவராக விடைபெற, ஏஜென்சி அனுப்பும் மருத்துவர்கள் பெட்டியோடு வந்து பெட்டியோடு போனார்கள். மயக்க மருந்து கொடுப்பவர் இரவில் கணவாய்க்கு அப்பாலிருந்து வரவேண்டியிருந்தது. ரத்த வங்கி என்று பெயர்தான், திறந்து பார்த்தால் சில பைகள். பிரிவை மூடிவிடலாமா என்ற கேள்வி ஐவர் குழுவின் மேசைக்கு வந்தது.

நாங்கள் கொதித்தோம். பள்ளத்தாக்கு முழுதும் வீட்டு முற்றங்களில் ‘நம் பிள்ளைகள் நம் மண்ணிலேயே பிறக்கட்டும்’ என்று பலகை நட்டோம். சாலையில் நெரிசல் இல்லாவிட்டால் நகரத்து மருத்துவமனை முப்பத்தைந்து நிமிடம். வெள்ளிக்கிழமை மாலை, மழையும் சேர்ந்துகொண்டால், கடவுள் விட்ட வழி. நடுவழியில் பிள்ளை பெற வேண்டுமா என்று மேடைதோறும் முழங்கினோம். ஐவரில் இருவர் எங்கள் பக்கம், இருவர் எதிர்ப்பக்கம். ஐந்தாவது ஆள் ரொசௌரா பரேடெஸ். ஆமாம், அதே ரொசௌரா. பேருந்துச் சக்கரத்தை விட்டு ஊர்க்காரியத்துக்கு வந்து, மக்கள் வாக்கில் மேசைக்குப் பின்னால் உட்கார்ந்தவர். பின்னாளில் இரண்டு மகன்களையும் இங்கேயே பெற்றவர். எங்களுக்குக் கவலையே இல்லை. இனெஸுக்கு மணி அடித்த இடத்தை இனெஸின் தாய் மூடுவாரா?

இருந்தாலும் பழம் நழுவிப் பாலில் விழட்டும் என்று ஒரு திட்டம் போட்டோம். குழு கூடும் மண்டபம் இதுதான், இதோ இந்தக் கூரையிலும் ஒலிபெருக்கி இருக்கிறது. வாக்கெடுப்பு நேரத்தில் மேலே யாராவது பொத்தானை அழுத்தினால், ஒரு பிள்ளை பிறந்ததாக எண்ணி மண்டபம் உருகும், மேசையும் உருகும் என்பது எங்கள் கணக்கு. அன்று பிரசவ அறையில் ஒரு பெண்ணும் இல்லை என்பதை நாங்கள் பெரிதாக நினைக்கவில்லை. பொத்தானை அழுத்தும் பொறுப்பு எனக்கு வந்தது. நான் மேலே போனபோது, நீங்கள் அந்த நடைபாதையில் ஒரு நாற்காலியைப் போட்டு, பொத்தானுக்கு நேர்கீழே, முதுகைச் சுவரில் சாய்த்து உட்கார்ந்திருந்தீர்கள். நாங்கள் பார்த்த அந்த ஒரு முறை இதுதான்.

“எந்திரிங்க வெர்னா. ஒரே ஒரு தடவ.”

“யாரு பொறந்தா?”

“யாரும் பொறக்கல. நம்ம வார்டு பொழைக்கும்ல?”

“பொய்க்கு ஒரு தடவ அடிச்சுட்டா, அப்புறம் நெசத்துக்கு அடிக்கறப்ப யாரு கோப்பையத் தூக்குவா? இனெஸுக்கு அடிச்சதும் சும்மா அடிச்சதுன்னு ஆயிடும், லிகயா.”

நான் கெஞ்சினேன், திட்டினேன், உங்கள் நாற்காலியை இழுத்தும் பார்த்தேன். தூண் அசையவில்லை.

அந்த நேரம் கீழே ரொசௌராவின் முறை வந்தது. வழக்கத்துக்கு மாறாக அவர் எழுந்து நின்று வாக்களித்தார் என்று மண்டபத்தில் இருந்தவர்கள் சொன்னார்கள். தன் மூத்த மகனின் மனைவி உண்டாகியிருப்பதைச் சொன்னார். இந்த மருத்துவமனையில் தான் அதிகமாக நம்பும் ஒருவரைத் தேடிப்போய் ஒரே ஒரு கேள்வி கேட்டதாகச் சொன்னார். பெயரைச் சொல்லவில்லை, பெயர் தெரியாதவர் அந்தக் கூட்டத்தில் ஒருவரும் இல்லை.

“‘இன்னைக்கு ராத்திரி என் மருமகளுக்கு வலி வந்தா இங்க கூட்டிட்டு வரட்டுமா’ன்னு கேட்டேன். ‘வேணாம் ரொசௌரா, நேரா சிட்டிக்குக் கூட்டிட்டுப் போ’ன்னாங்க. சொல்லிட்டு அழுதாங்க. என் மருமகளுக்கு ஆகாத எடம், ஊரான் மருமகளுக்கு மட்டும் எப்பிடிங்க ஆகும்?”

மூன்றுக்கு இரண்டு. பிரிவை மூடுவதென்று முடிவாயிற்று.

மெய்யை மறைக்கத் தெரியாத மேன்மையே! எங்கள் புகார் இங்கேதான் தொடங்குகிறது. முப்பத்தொரு ஆண்டு உங்களை வாழவைத்த பிரிவு அது. நீங்கள் ஒரு பொய்கூடச் சொல்ல வேண்டியதில்லை, கொஞ்சம் மழுப்பியிருந்தால் போதும். ‘பார்த்துக்கலாம்’ என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் கதவு திறந்தே இருந்திருக்கும். உண்ட வீட்டுக்கு ரெண்டகம் என்று உங்கள் முகத்துக்கு நேரே சொன்னவள் நான்தான். மறுநாள் ஊழியர் அறை மேசையில் ருபார்ப் கேக் இருந்தது. நல்ல நாளிலேயே அதில் பாதிதான் போகும். அந்த ஆண்டு கத்தி படாமல் முழுசாகக் காய்ந்தது. இன்றும் எங்களில் பாதிப் பேர் நீங்கள் செய்தது சரி என்று சொல்லமாட்டார்கள். மீதிப் பேர் சொல்லுவார்கள், ஆனால் சத்தமாகச் சொல்லமாட்டார்கள்.

இலையுதிர் காலத்தின் கடைசியில் பிரிவை மூடினோம். அன்று பிரசவம் ஒன்றும் வரவில்லை. பிரிவுக்காகவே ஒருமுறை மணி அடித்துவிடலாமே என்று யாரோ சொல்ல, நீங்கள் அவரை ஒரு பார்வை பார்த்தீர்கள், பேச்சு அடங்கிற்று. முழங்கால் பிரிவுக்காரர்கள் வந்து படுக்கைகளைத் தள்ளிக்கொண்டு போனார்கள். நீங்கள் ஒவ்வொரு அறையாகப் போய், சுவர்க் கடிகாரங்களை முகம் தெரியும்படி திருப்பி மாட்டினீர்கள். அவற்றில் பாதி எப்போதோ நின்றுபோயிருந்தன என்பது அப்போதுதான் எங்களுக்குத் தெரிந்தது.

நகரத்து மருத்துவமனை உங்களை வருந்தி அழைத்தது. நீங்கள் போகவில்லை. கீழ்த்தளத்தில் அறுவைக்கு ஆயத்தம் செய்யும் அறையில் வேலை கேட்டு வாங்கிக்கொண்டீர்கள். முப்பத்தொரு ஆண்டு பிள்ளை ஏந்திய கை, கண்புரைக்கு வந்த பெரியவர்களுக்குச் சாக்ஸ் மாட்டிவிட்டது. முகம் சுளிக்காமல் மாட்டியது. அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குக் கோபமும் வந்தது, அழுகையும் வந்தது. கோபத்தை மட்டும் காட்டினேன்.

சனவரியில் ஒரு பிற்பகல், பனியும் மழையும் கலந்து கொட்ட, கணவாயில் சரக்குலாரி ஒன்று புரண்டு சாலை அடைத்துக்கொண்டது. நகரத்துக்குப் பிரசவத்துக்குப் போய்க்கொண்டிருந்த ஒரு தச்சரும் அவர் மனைவியும் பாதிவழியில் திரும்பி எங்கள் அவசரப் பிரிவு வாசலுக்கு வந்து நின்றார்கள். நான் அப்போது அங்கேதான் வேலையில் இருந்தேன். கார்க் கதவைத் திறந்தபோது பிள்ளையின் தலை தெரிந்தது. யார் சொன்னார்களோ தெரியாது, கையில் ஒற்றைச் சாக்ஸோடு நீங்கள் ஓடிவந்தீர்கள். பின்சீட்டில் நீங்கள் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். பேசிக்கொள்ளவில்லை, பேசத் தேவையும் இருக்கவில்லை, பதினாறு ஆண்டுப் பழக்கம் கைகளுக்கு இருந்தது. பெண்குழந்தை வந்து, வந்த வேகத்தில் அழுதது.

பிறகுதான் தாய்க்கு ரத்தம் நிற்கவில்லை. உள்ளே கொண்டுபோனோம். இருந்த ரத்தப் பைகள் தீர்ந்தன. அந்த வானிலையில் ஹெலிகாப்டர் எழாது, ஆம்புலன்ஸ் கணவாயைத் தாண்டாது. அந்த நேரமெல்லாம் உங்கள் கை அவள் வயிற்றை அழுத்திக்கொண்டே இருந்தது. ரொசௌராவிடம் ‘வேணாம்’ என்று சொன்ன அன்று நீங்கள் எதைக் கண்ணால் கண்டு அழுதீர்கள் என்று எனக்கு அப்போது விளங்கிற்று. பக்கத்தில் ஒரு பிரிவு இருந்திருக்க வேண்டும் என்ற எங்கள் கட்சியும் உண்மைதான். இருந்தும் போதாது என்ற உங்கள் கட்சியும் உண்மைதான். இரண்டு உண்மைக்கும் நடுவில் அந்தப் பெண் கிடந்தாள்.

அப்படி அழுத்திக்கொண்டே, தலையைத் தூக்காமல், அரை ஆண்டுக்குப் பிறகு என்னிடம் முதல் வார்த்தை பேசினீர்கள்.

“லிகயா, மணி அடிக்கலையே.”

எனக்கு ஒரு நொடி ஒன்றும் புரியவில்லை. புரிந்ததும் அந்தத் தச்சரின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு மாடிக்கு ஓடினேன். டுவெய்ன் பூட்டைத் திறந்தார். விளக்கில்லாத நடைபாதையில், படுக்கையில்லாத அறைகளைக் கடந்து போய், அந்த மனிதர் பொத்தானை அழுத்தினார். அது அடித்தது. மாதக்கணக்காக அந்த ஓசை கேளாத மருத்துவமனை அப்படியே நின்றது. உணவகத்தில் ஒருவர் கோப்பையைத் தூக்கினார், பிறகு எல்லாரும் தூக்கினார்கள். கீழே, கண் செருகிக் கிடந்த அந்தப் பெண் கண்ணைத் திறந்து உங்களைக் கேட்டாளாம்.

“அது எனக்கா?”

“உனக்குத்தான் கண்ணு. தூங்காத, கேட்டுக்கிட்டே இரு.”

சாலை திறந்ததும் நகரத்துக்குக் கொண்டுபோனார்கள். அவள் பிழைத்தாள். இன்று இந்த மண்டபத்தில் கடைசி வரிசையில், கதவோரம், மகளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். குழந்தைக்கு வெர்னா என்று பெயர் வைக்கலாமே என்று நாங்கள் கேட்டுப் பார்த்தோம். அது பழைய காலத்துப் பெயர் என்று சொல்லிவிட்டாள். எங்களால் ஆனது இவ்வளவுதான்.

சென்ற மாதக் கூட்டத்தில் ரொசௌரா பரேடெஸ் ஒரு தீர்மானம் கொண்டுவந்தார்: பூட்டிய பிரிவிலிருந்து அந்தப் பொத்தானைக் கழற்றி, அவசரப் பிரிவுச் சுவரில் பொருத்த வேண்டும். ஐந்துக்கு ஐந்து. திட்ட ஆளில்லாத கூட்டம் அது ஒன்றுதான் என்கிறார்கள். டுவெய்ன் போன வாரம் மாட்டி முடித்துவிட்டார். அதை இன்று உங்களைப் பெருமைப்படுத்த ஒரே ஒருமுறை அடிக்கலாமா என்று புதிதாகச் சேர்ந்தவர்கள் ஆசையோடு கேட்டார்கள். பழையவர்கள் அத்தனை பேரும் ஒரே வாயாக ‘யாரு பொறந்தா?’ என்று கேட்டோம். ஆகவே இன்று மணி இல்லை. மன்னியுங்கள், இது உங்கள் சட்டம்.

அன்புக்கும் ஆத்திரத்துக்கும் ஒருங்கே உரியவரே! முப்பத்தொரு ஆண்டு, அந்த மணி அடிக்காதா அடிக்காதா என்று உங்களோடு காத்திருந்தோம். இனி அது அடித்துவிடக் கூடாதே என்று காத்திருக்கப் போகிறோம். இனி அது அடித்தால், யாரோ ஒரு பெண் கணவாயைத் தாண்ட முடியாமல் எங்கள் வாசலில் வந்து விழுந்தாள் என்று பொருள். அது அடிக்காத ஒவ்வொரு நாளும், நம் பெண்கள் எங்கோ தூரத்தில், ரத்தமும் மருத்துவரும் நிறைந்த இடத்தில், நம் காதுக்கு எட்டாமல் பத்திரமாகப் பெற்றுக்கொண்டிருக்கிறார்கள் என்று பொருள். எங்கள் மணியின் அமைதிக்காக எங்களையே வேண்டிக்கொள்ள வைத்தவர் நீங்கள். இதற்காக உங்களை நாங்கள் இன்னும் முழுசாக மன்னிக்கவில்லை. மன்னிக்கும் வரையாவது நீங்கள் இந்த ஊரில் இருந்தாக வேண்டும்.

வேலிப் பலகை கழற்றியபடியே இருக்கும் என்று டுவெய்ன் எழுத்தில் கொடுக்க மறுத்து, வாயால் சத்தியம் செய்திருக்கிறார். ஒருநாள் அந்த நாலு சுரம் உங்கள் அடுக்களைக்குக் கேட்டுவிட்டால், கோப்பையைத் தூக்கும் வேலையை எங்களிடம் விட்டுவிட்டு ஓடிவாருங்கள். செருப்பைப் போட்டுக்கொண்டு வாருங்கள்.

மற்றபடி, உடல் நலத்தோடும் உள்ள நலத்தோடும் நீங்கள் வாழ்க. உங்கள் ருபார்ப் பாத்தி தழைக்க வாழ்க. சர்க்கரை என்றொரு பொருள் உலகில் உண்டென்பதை இனியாவது அறிந்து வாழ்க. கோடை பிறந்ததும் சன்னலை அகலத் திறந்துவைத்து, அடுப்படியில் கோப்பையோடு நின்று, எங்கள் பக்கமிருந்து எந்த ஓசையும் கேட்காமல் பல்லாண்டு வாழ்க.

இங்ஙனம்,
கண்ணீரோடும் கொஞ்சம் மிச்சமிருக்கும் கோபத்தோடும்,
பிரசவப் பிரிவில் உங்களோடு நின்றவர்கள்,
ஹாலட் பள்ளத்தாக்குச் சமூக மருத்துவமனை.